விரலுக்குத் தெரிந்த மந்திரம்

1987 டிசம்பரில் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த ‘டன்ஜன் மாஸ்டர்’ விளையாட்டில் ஒரு தீப்பந்தை எறிய மவுஸை நான்கு முறை கிளிக் செய்ய வேண்டும். திரையின் வலப்பக்கத்தில் ஆறு விசித்திரமான எழுத்துகள் வரிசையாக நிற்கும். முதல் கிளிக் மந்திரத்தின் வலிமையைத் தீர்மானிக்கும். ‘லோ’ மிக மெல்லியது, ‘மோன்’ உச்சம். ஒன்றைத் தொட்டவுடன் அந்த வரிசை மறைந்து வேறு ஆறு எழுத்துகள் வரும். அவற்றில் ‘ஃபுல்’ நெருப்புக்குரியது. அடுத்த வரிசையில் ‘இர்’. கடைசியாக, சேர்த்து வைத்த எழுத்துகளின் மேல் ஒரு கிளிக். இத்தனை வேலையும் நடக்கிற நேரத்தில் எதிரே நிற்கும் பூதம் காத்திருக்காது. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

வேகத்தை மட்டும் அளக்கிறவருக்கு இது மோசமான வடிவமைப்பு. ‘தீப்பந்து’ என்று ஒரு பட்டன் வைத்திருந்தால் ஒரே கிளிக்கில் முடிந்திருக்கும். ஆனாலும் மந்திர மெனுக்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த விளையாட்டிடம்தான் திரும்பி வருகிறேன். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு எழுத்து. முதல் எழுத்தோடு நிறுத்தலாம், நான்கு வரையும் போகலாம். கணக்குப் போட்டால் 6 + 36 + 216 + 1296, மொத்தம் 1554 கோவைகள். அவற்றில் பலிப்பவை மிகச் சில. சிலவற்றைப் பாதாளத்தில் கிடைக்கும் ஓலைச்சுருள்கள் சொல்லித் தரும். மற்றவற்றை ஆட்டக்காரரே துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும். வலிமை எழுத்தோடு ‘ஃபுல்’ மட்டும் சேர்த்தால் இருட்டு விலகி வெளிச்சம் வருகிறது. ஓ, இதுதான் நெருப்பு என்று மூளை குறித்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் ‘ஃபுல், இர்’ என்பது தேடிப் பார்த்து எடுக்கிற ஒன்றாக இல்லாமல் கை தானாகச் செய்கிற அசைவாகிவிடுகிறது. மந்திரவாதி மந்திரத்தைக் கற்றுக்கொள்கிறான் என்ற கதையை விளையாட்டு சொல்லவில்லை. உண்மையிலேயே கற்க வைத்துவிடுகிறது.

அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எழுத்துகளைச் சேர்த்த பிறகு உடனே ஏவியாக வேண்டியதில்லை. கதவைத் திறப்பதற்கு முன்பே கோவையைத் தயாராக வைத்திருந்து, பூதத்தைக் கண்டதும் கடைசி கிளிக்கை மட்டும் செய்யலாம். அதாவது, தேர்வு செய்யும் நேரம் எங்கும் காணாமல் போகவில்லை. சண்டைக்குள்ளிருந்து சண்டைக்கு முன்பாக நகர்ந்திருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதுதான். நாற்பது மந்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனிதருக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை எந்த வடிவமைப்பாளராலும் ஒழிக்க முடியாது. அதை இடம் மாற்றலாம். சண்டைக்கு முன்னால் தள்ளலாம், உலகத்தை நிறுத்திவிட்டுச் செலவிடச் சொல்லலாம், அல்லது பல மணி நேரப் பழக்கத்தின் வழியாகக் கண்ணிலிருந்து விரலுக்கு இறக்கலாம். மூன்றாவது வழிதான் மிகக் கடினம். என் பார்வையில், மந்திரவாதியாக இருக்கிறோம் என்ற உணர்வைத் தருவதும் அதுதான்.

ஒரு தேர்வுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் எட்மண்ட் ஹிக். 1952-ல் வெளியான அவருடைய சோதனையில் சின்ன விளக்குகள் எரியும். எது எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். விளக்குகள் கூடக்கூட நேரமும் கூடியது. ஆனால் அதே விகிதத்தில் கூடவில்லை. எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம்தான் சேர்ந்தது. இரண்டிலிருந்து நான்குக்குப் போக எவ்வளவோ, நான்கிலிருந்து எட்டுக்குப் போகவும் அவ்வளவே. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ரே ஹைமன் இதை உறுதிப்படுத்தி விரிவாக்கினார். இன்று இதை ஹிக்–ஹைமன் விதி என்கிறோம்.

விளையாட்டு வடிவமைப்பு பற்றிய பேச்சுகளில் இந்த விதியைத் தவறாக எடுத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். ‘தெரிவுகளைக் குறை, வேகம் கூடும்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த விளக்குக்கு எந்தப் பொத்தான் என்பது ஹிக்கின் சோதனையில் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். புதிதாக ஒரு மந்திரப் பட்டியலைத் திறப்பவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பட்டியல் இரட்டித்தால் அவருக்கு ஆகும் நேரமும் இரட்டிக்கும். ஆண்டி காக்பர்ன், கார்ல் கட்வின், சால் கிரீன்பெர்க் ஆகிய மூவரும் 2007-ல் முன்வைத்த மாதிரி இந்த இரண்டையும் இணைத்துக் காட்டுகிறது. புதியவருக்குத் தேடும் நேரம். பழகியவருக்கு முடிவெடுக்கும் நேரம். பழகப் பழக ஒருவர் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நகர்கிறார். அந்த நகர்வு நடக்க ஒரு நிபந்தனை உண்டு: பொருள்கள் இடம் மாறாமல் இருக்க வேண்டும். அதற்கும் அப்பால் ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு தெரிவுகளுக்கும் நான்கு தெரிவுகளுக்கும் இடையிலான நேர வித்தியாசம் மிக நீண்ட பயிற்சிக்குப் பிறகு மறைந்தே போகலாம் என்று 1959-ல் மோப்ரே, ரோட்ஸ் இருவரின் ஆய்வு காட்டியது.

இடம் மாறாமல் இருத்தல் என்பது சமையலறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் கிண்ணம் எங்கே என்று தாளிக்கிறவர் பார்ப்பதில்லை. எண்ணெய் மேலிருந்து கண்ணை எடுக்காமலே கை அங்கே போகிறது. யாராவது கிண்ணங்களை மாற்றி அடுக்கிவிட்டால் அன்றைய சமையல் முழுக்கத் தடுமாற்றம்தான்.

2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ இதைத்தான் செய்தது. பிடித்த மந்திரங்களையும் ஆயுதங்களையும் குறித்து வைத்துக்கொண்டால் அவை ஒரே பட்டியலில், அகர வரிசையில் நிற்கும். பட்டியல் திறந்திருக்கும்வரை உலகம் நின்றுவிடும் என்பதால் ஆபத்தில்லை. ஆனால் புதிதாக ஒரு மந்திரத்தைச் சேர்த்த அன்று, அதற்குக் கீழே இருந்த அனைத்தும் ஒரு படி இறங்கிவிடும். நேற்று வரை ‘மூன்று முறை கீழே’ என்று விரல் கற்றிருந்தது இன்று பொய்யாகிறது. அகர வரிசை முதல் முறை தேடுகிறவருக்கு உதவும். நூறாவது முறை எடுப்பவருக்கு உலை வைக்கும். கணினியில் விளையாடியவர்களால் 1 முதல் 8 வரை எண் விசைகளுக்கு மந்திரங்களை ஒதுக்கிக்கொண்டு இதிலிருந்து தப்பிக்க முடிந்தது.

‘அடிக்கடி பயன்படுத்துவது மேலே வரட்டும்’ என்ற யோசனையும் இதே குழியில்தான் விழுகிறது. அலுவலக மென்பொருளில் மைக்ரோசாஃப்ட் அதைச் செய்து பார்த்தது. ஆஃபீஸ் 2000-ல் அதிகம் தொடாத கட்டளைகள் மெனுவிலிருந்து தாமாக ஒளிந்துகொள்ளும். உதவி என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் மெனுவின் உருவமே நாளுக்கு நாள் மாறும்போது கை எதைக் கற்கும்? 2007 பதிப்பில் முதன்மையான செயலிகளின் மெனுக்களுக்குப் பதிலாக, இடம் மாறாத பட்டன்கள் கொண்ட ரிப்பன் வந்தது.

இனி வளையத்துக்கு வருவோம். மந்திரத் தேர்வு என்றாலே பலரின் மனதில் வரும் உருவம் அது. 1993-ல் ஸ்கொயர் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு வெளியிட்ட ‘சீக்ரெட் ஆஃப் மனா’வில், பட்டனை அழுத்தியதும் ஆட்டம் உறைந்து நிற்க, பாத்திரத்தைச் சுற்றி ஐகான்கள் வட்டமாக விரியும். முதல் வளையத்தில் தனிமங்களின் ஆவிகள். ஒன்றைத் தேர்ந்தால் அதனிடமுள்ள மந்திரங்கள் இன்னொரு வளையமாக வரும். பார்க்க அழகு. திரையை மறைக்கும் மெனுப் பெட்டி இல்லை. சண்டை நடக்கும் இடத்திலேயே கண் நிற்கிறது. எதிரி எங்கே இருக்கிறான் என்ற நினைவு அறுபடுவதில்லை.

இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 1988-ல், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜாக் காலஹன், டான் ஹாப்கின்ஸ், மார்க் வைசர், பென் ஷ்னைடர்மன் ஆகியோர் வட்ட மெனுவையும் நேர்வரிசை மெனுவையும் ஒப்பிட்டிருந்தார்கள். எட்டு உருப்படிகள். வட்ட மெனுவில் தேர்வு சுமார் 15 சதவீதம் வேகமாக நடந்தது. காரணம் பால் ஃபிட்ஸ் 1954-ல் வகுத்த விதியில் இருக்கிறது. ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. கிட்டத்தில் பெரிதாக இருந்தால் சீக்கிரம், தொலைவில் சிறிதாக இருந்தால் தாமதம். நேர்வரிசையில் எட்டாவது உருப்படி எப்போதும் தூரத்தில் இருக்கிறது. வட்டத்தின் நடுவில் கர்சர் இருந்தால் எட்டும் ஒரே தூரம். ஒவ்வொன்றும் வெளிநோக்கி விரியும் ஒரு துண்டு என்பதால் அகலமும் தாராளம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘சீக்ரெட் ஆஃப் மனா’வின் வளையம் இந்த ஆய்வில் வந்த வட்ட மெனு அல்ல. இடது, வலது அழுத்தினால் வளையம் சுழலும். வேண்டிய ஐகான் வந்து நிற்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உருவத்தில் வட்டம், இயக்கத்தில் நேர்வரிசை. ஃபிட்ஸ் விதி தரும் ஆதாயம் அதற்குக் கிடைக்கவில்லை. கண்ணுக்குக் கிடைத்த ஆதாயம் மட்டுமே மிச்சம். திசையால் தேர்ந்தெடுக்கும் வட்டம் கன்சோலில் வசதியாக அமைய அனலாக் ஸ்டிக் வேண்டியிருந்தது. 2007-ன் ‘மாஸ் எஃபெக்ட்’, 2009-ன் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கன்சோல் பதிப்பு போன்றவற்றில், ஸ்டிக்கை ஒரு திசையில் சாய்த்தாலே அந்தத் துண்டு தேர்வாகிவிடும். இன்று ‘வளைய மெனு’ என்ற ஒரே பெயரில் இந்த இரண்டையும் அழைக்கிறோம். விரலைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு இனம்.

திசைக்கு ஒரு பெரும் பலம் இருக்கிறது: பார்க்காமலே செய்யலாம். கார்டன் கர்ட்டன்பாக்கும் பில் பக்ஸ்டனும் 1993-ல் இதன் எல்லையைத் தேடினார்கள். ஒரு மட்டத்தில் எட்டுத் திசை, இரண்டு மட்டம் வரை என்றால் பழகியவர்களால் மெனுவைத் திறந்து பார்க்காமலே கோடு இழுத்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. எட்டு எட்டு அறுபத்து நான்கு. ஒரு மந்திரவாதியின் மொத்தப் புத்தகத்தையும் இரண்டு அசைவுக்குள் அடக்கிவிடலாம் என்று பொருள். இருந்தும் பதினான்கு, பதினாறு ஐகான்களை ஒரே வட்டத்தில் நெருக்கி வைக்கும் விளையாட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு துண்டும் ஒடுங்கிப்போய், ஆட்டக்காரர் ஸ்டிக்கை மெல்ல நகர்த்தி எது ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வட்டத்தின் வரம் கைவிட்டுப் போய்விடுகிறது.

‘டார்க் சோல்ஸ்’ வரிசையில் உலகம் நிற்கவே நிற்காது. மேல் திசைப் பட்டனை அழுத்த அழுத்த மந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும். ஒரே பக்கமாக மட்டும். அதே முறையைப் பின்பற்றும் 2022-ன் ‘எல்டன் ரிங்’கில் அதிகபட்சம் 12 மந்திரங்களை இப்படி ஏற்றிக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் குறைந்தது ஓர் அழுத்து, அதிகபட்சம் பதினொன்று, சராசரி ஆறு. டிராகன் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது ஆறு அழுத்து என்பது உயிர் போகும் நேரம். இங்கே ஹிக்கின் கருணை கிடையாது. எண்ணிக்கை இரட்டித்தால் அழுத்தும் இரட்டிக்கும்.

ஆனால் அதில் ஒரு சிறிய வசதியைச் சேர்த்தார்கள். அதே பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் தேர்வு முதல் மந்திரத்துக்குத் திரும்பிவிடும். அது செய்யும் காரியம் பெரிது. அது இல்லாதபோது, இப்போது எந்த மந்திரத்தில் நிற்கிறோம் என்பதைத் திரையின் மூலையில் பார்த்தாக வேண்டும். எத்தனை அழுத்து என்பது அதைப் பொறுத்து மாறும். இப்போதோ எங்கே நின்றாலும் ‘பிடி, விடு, இரண்டு தட்டு’ என்றால் மூன்றாவது மந்திரம். தொலைந்துபோன நிலையான இடத்தை அந்த ஓர் அழுத்து மீட்டுத் தருகிறது. உயிர் காக்கும் மந்திரம் எதுவோ அதை முதலில் வைத்துக்கொள்ள இது இடம் தருகிறது. எந்தெந்த மந்திரங்களை ஏற்றிக்கொள்வது என்ற பெரிய தேர்வு ஏற்கெனவே ஓய்விடத்தில் நடந்து முடிந்துவிட்டது. இந்த முன்தேர்வுக்குப் பழைய வம்சாவளி உண்டு: ஜாக் வான்ஸ் 1950-ல் எழுதிய ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதிகள் சிலவற்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். 1974-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதை விதியாக்கியது.

கண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-ல் ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலேடும் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரே ஒரு பண்பால் வேறுபடுவது கூட்டத்தில் தானாகத் துள்ளித் தெரியும். பச்சைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு என்றால், பச்சைகள் எத்தனை இருந்தாலும் தேடும் நேரம் கூடாது. இரண்டு பண்புகளின் சேர்க்கையைத் தேடினால், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிவரும். மந்திர ஐகான்களைத் தீட்டும் ஓவியர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழகாகத் தீட்டுகிறார்கள்: சுழலும் ஒளி, பின்னால் இருட்டு, நடுவே ஒரு கை. வரிசையில் வைத்தால் அத்தனையும் ஒரே மாதிரி. 2023-ன் ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’ இதை நன்றாகக் கையாண்டது. தாக்கும் மந்திரங்களுக்குச் சிவப்பு, கட்டுப்படுத்துபவற்றுக்கு மஞ்சள், தள்ளி இழுப்பவற்றுக்கு ஊதா. எதிரியின் கவசமும் இதே நிறங்களில் மின்னும். மஞ்சள் கவசம் என்றால் மஞ்சள் மந்திரம். கேள்வியும் பதிலும் ஒரே நிறத்தில் வருவதால் பெயர்களை நினைவுபடுத்தவே வேண்டியதில்லை. ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. உருவமும் மாற வேண்டும்.

அதே விளையாட்டின் பலவீனம் வேறிடத்தில். நான்கு பட்டன்களில் நான்கு மந்திரம். அப்படிப்பட்ட தொகுதிகள் நான்கு வரை வைத்துக்கொள்ளலாம். ஆக 16. ஆனால் ஒரே பட்டன் தொகுதிக்குத் தொகுதி வேறு மந்திரத்தைத் தரும். எந்தத் தொகுதியில் நிற்கிறோம் என்ற நினைவு தவறினால் விளக்கேற்ற நினைத்த கை நெருப்பை ஏவும். வடிவமைப்புத் துறையில் இதற்கு மோட் பிழை என்று பெயர். பட்டன் குறைந்த கன்ட்ரோலரில் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது.

டன்ஜன் மாஸ்டரின் வழியில் நடந்தவை குறைவு. நடந்தவை எல்லாம் எனக்குப் பிரியமானவை. ‘டோட்டா 2’-ன் இன்வோக்கர் என்ற பாத்திரத்துக்கு மூன்று தனிமங்கள்: குவாஸ், வெக்ஸ், எக்ஸார்ட். கீபோர்டில் கியூ, டபிள்யூ, ஈ. எந்த மூன்றைச் சேர்த்தாலும் ஒரு மந்திரம், வரிசை முக்கியமில்லை. மூன்று பொருளில் மூன்றை, திரும்ப வரலாம் என்ற விதியோடு சேர்க்கும் வழிகள் சரியாகப் பத்து. அந்தப் பத்தும் பத்து மந்திரங்கள். மூன்று எக்ஸார்ட் என்றால் வானத்திலிருந்து ஒரு நெருப்புக் கதிர். பத்தில் ஒன்று என்ற பெரிய தேர்வு, மூன்றில் ஒன்று என்ற சிறிய தேர்வுகள் மூன்றாகப் பிரிகிறது. பழகிய பின் அந்த மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே அசைவாகிறது. தொடக்கத்தில் இவனை ஆடுகிறவர் படும் பாடு பெரியது. அந்தப் பாட்டுக்குப் பலன் உண்டு என்பதால்தான் படுகிறார்கள்.

ஸ்வீடனில் உருவாகி 2011-ல் வந்த ‘மேஜிக்கா’வில் எட்டுத் தனிமங்கள், எட்டு விசைகள், ஒரே முறையில் ஐந்து வரை கோக்கலாம். நீரும் நெருப்பும் சேர்ந்தால் நீராவி. நீரும் குளிரும் சேர்ந்தால் பனிக்கட்டி. தெரிந்த உலகத்தின் தர்க்கத்திலிருந்து ஆட்டக்காரராலேயே ஊகிக்க முடிவதால் மனப்பாடச் சுமை பாதியாகிறது. டன்ஜன் மாஸ்டரின் அந்நிய எழுத்துகளுக்கு அந்த வசதி இல்லை. 2002-ன் ‘ஆர்க்ஸ் ஃபட்டாலிஸ்’ இன்னும் துணிந்து, மவுஸால் காற்றில் குறிகளை வரையச் சொன்னது. பதற்றத்தில் கோடு கோணினால் மந்திரம் பலிக்காது. அதனால்தான் மூன்று மந்திரங்களை முன்கூட்டியே வரைந்து சேமித்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

உலகத்தை நிறுத்தும் வழியை நான் குறைத்துப் பேசவில்லை. 1998-ன் ‘பால்டர்ஸ் கேட்’டில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் உறையும். 1994-ன் ‘ஃபைனல் ஃபேண்டசி 6’ இந்த முடிவை ஆட்டக்காரரிடமே விட்டது: ‘வெயிட்’ என்று வைத்துக்கொண்டால் மந்திரப் பட்டியலில் தேடும்போது நேரம் நிற்கும், ‘ஆக்டிவ்’ என்றால் ஓடும். கை நடுங்குகிறவர்கள், மெதுவாகப் படிப்பவர்கள், பட்டனை வேகமாக அழுத்த முடியாதவர்கள் எல்லாரும் அந்த ஒரு அமைப்பால் உள்ளே வந்துவிடுகிறார்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ செய்தது இன்னும் சூட்சுமம். பெரும்பாலான மந்திரங்களைத் தொடங்கியதும் சுமார் 1.5 வினாடிக்கு வேறு பெரும்பாலானவற்றை ஏவ முடியாது. சமநிலைக்கான விதி போலத் தெரிந்தாலும், அடுத்த மந்திரத்தை யோசிக்கத் தேவையான நேரம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆட்டக்காரர் தயங்குவது யாருக்கும், அவருக்கே கூட, தெரிவதில்லை.

மந்திர மெனு வடிவமைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் சோதனை ஒன்று உண்டு. வழக்கமாக முதல் அரைமணி நேரத்தில் புதியவர் தடுமாறுகிறாரா என்று மட்டும் பார்க்கிறார்கள். பல மணி நேரம் விளையாடிப் பழகிய ஒருவரை அழைத்து, மந்திர ஐகான்கள் அத்தனையையும் வெற்றுச் சதுரங்களாக மாற்றிவிட்டு, ஒரு சண்டையை ஆடச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் சரியான மந்திரங்களை ஏவினால் அமைப்பு விரலுக்கு இறங்கியிருக்கிறது. கை நின்றுவிட்டால், இத்தனை மணி நேரமும் அவர் ஒவ்வொரு முறையும் படித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். பெரும்பாலும் காரணம், நடுவில் கிடைத்த ஏதோ ஒரு புதிய மந்திரம் மற்றவற்றைத் தள்ளிவிட்டு அமர்ந்ததாக இருக்கும். அப்படியானால் ஐகானை மாற்றி வரைந்து பயனில்லை. நாற்பதாவது மந்திரத்துக்கும் முதல் நாளிலேயே ஒரு காலி இடத்தை ஒதுக்கி, அது நிரம்பும்வரை வெறுமையாகவே காட்ட வேண்டும்.